‘நேக்கட் லஞ்ச்’: படம் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

டேவிட் க்ரோனென்பெர்க் இயக்கி 1991 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் வெளியான படம் ‘நேக்கட் லஞ்ச்’. வில்லியம் பரோஸ் எழுதி 1959இல் வெளிவந்த நாவல்தான் அதற்கு மூலம். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் பத்திருபது பேராகச் சேர்ந்து இதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் “இப்படி ஒரு படமா!” என்று வியக்கிறார்கள், மீதிப் பேரும் அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள், தொனி வேறு. இரண்டு தரப்பும் கேட்கும் சந்தேகங்களை அவரவர் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். முடிவுவரை எல்லாக் கதையும் இதில் இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். திரையிட நினைப்பவர்கள் 14, 15ஐ விடாமல் படிக்கவும்.

1. என்ன படம்ணே இது? சுருக்கமாச் சொல்லுங்க, வரலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்.

மனைவியைத் தன் கையாலேயே சுட்டுவிட்ட ஒருவன், அதை நேர்கொண்டு பார்க்க மாட்டாமல், போதையிலும் கற்பனையிலும் ஓர் ஊரையே கட்டி அதற்குள் ஒளிந்துகொண்டு, அங்கேயே எழுத்தாளனாகும் கதை. 115 நிமிடம், ஆங்கிலம். பாட்டு, சண்டை கிடையாது. பேசும் வண்டு உண்டு.

18 வயது ஆகாதவர்களுக்கு வேண்டாம். பூச்சியைக் கண்டால் உடம்பு கூசுகிறவர்களுக்கும் வேண்டாம். போதையை விட்டுச் சமீபத்தில்தான் மீண்டவர்கள் 12ஆம் கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். தலைப்பை நம்பி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் 1996இலேயே இதைக் கிண்டல் செய்துவிட்டார்கள்: அரங்கை விட்டு வெளியே வரும் பையன், இந்தத் தலைப்பில் குறைந்தது இரண்டு தப்பு இருக்கிறது என்று புலம்புவான். தலைப்பைச் சொன்னவர் தன் எழுத்தாள நண்பர் ஜாக் கெரோவாக் என்கிறார் பரோஸ். முள்கரண்டி நுனியில் குத்தியிருப்பது என்ன என்று சாப்பிடுகிற எல்லோரும் சட்டென்று உற்றுப் பார்த்து உறைந்துபோகும் கணம் என்பது பரோஸ் தரும் விளக்கம்.

2. கதைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல கண்ட கனவையெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்களா?

கதை இருக்கிறது, தலையும் வாலுமாகவே இருக்கிறது. நியூயார்க், 1953. பில் லீ (பீட்டர் வெல்லர்) வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்குப் பொடி அடிக்கிறவன். பொடி பாதியிலேயே தீர்ந்துபோகிறது. மனைவி ஜோன் (ஜூடி டேவிஸ்) அதைத் திருடி ஊசியில் ஏற்றிக்கொள்கிறாள். போலீஸ் பிடித்துப்போன இடத்தில், ஒரு பெரிய வண்டு லீயிடம் “நான் உன் மேலதிகாரி, உன் பெண்டாட்டி எதிரிகளின் உளவாளி, கொன்றுவிடு” என்கிறது. அதைச் செருப்பால் அடித்து நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான். ஆனாலும் முதல் அரைமணி வாக்கில், தலைமேல் தம்ளரை வைத்துக் குறிபார்க்கும் விளையாட்டில் ஜோனைச் சுட்டுவிடுகிறான்.

பிறகு கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு தட்டச்சு இயந்திரத்தை வாங்கிக்கொண்டு ‘இன்டர்ஸோன்’ என்கிற ஊருக்குத் தப்புகிறான். தட்டச்சு இயந்திரம் வண்டாகி, அறிக்கை எழுதச் சொல்லி அதிகாரம் செய்கிறது. அங்கே ஜோன் ஃப்ராஸ்ட் என்று இன்னொருத்தி. அவளும் ஜூடி டேவிஸ்தான். இந்த இரட்டை வேடத்தைக் கவனிக்காதவர்களுக்குப் படத்தின் பாதி கை நழுவிவிடும். கடைசியில் அந்த ஊரையும் விட்டு ‘அனெக்ஸியா’ என்ற நாட்டு எல்லைக்குப் போகிறான். அங்கே நடப்பது 17ஆம் கேள்வியில்.

3. பூச்சி மருந்தை ஏன் அந்தம்மா ஊசியில ஏத்துது? சாகப் போகுதா?

இந்தச் சந்தேகம் நம் பக்கத்துக்கே உரியது. ‘பூச்சி மருந்து’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்களுக்குத் தற்கொலைதான் ஞாபகம் வரும். படத்தில் அவள் சாக முயலவில்லை, போதைக்காகப் போட்டுக்கொள்கிறாள். தன்னையே ஒரு பூச்சியாக உணரவைக்கும் போதை என்று அவளே சொல்கிறாள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள், பின்னால் அவள் சுடப்படும்போது “அவளே சாகத்தானே நினைத்தாள்” என்று லீயை மன்னித்துவிடுகிறார்கள். படம் அப்படி மன்னிக்கவில்லை. தமிழில் வசனம் போடுகிறவர்கள் ‘பூச்சிப் பொடி’ என்று போட்டாலே குழப்பத்தில் பாதி தீரும்.

அந்தப் பொடி பைரெத்ரம், சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுப்பது. பூச்சியின் நரம்பை முடக்கும். மனிதருக்கு இதில் போதை கிடையாது. தோல் எரிச்சலும் மூச்சிரைப்பும் வரும், ஊசியில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பரோஸ் 1940களில் சிகாகோவில் கொஞ்ச காலம் பூச்சி ஒழிக்கும் வேலை பார்த்தவர். அந்த விவரம் இந்த நாவலிலிருந்து வந்ததல்ல, அவருடைய வேறு எழுத்துகளிலிருந்து இயக்குநர் எடுத்துச் சேர்த்தது.

4. எது நிஜம், எது அவன் மண்டைக்குள்ள நடக்குறது? எங்க கோடு போடுறது?

கோடு போட உதவும் காட்சி ஒன்று இருக்கிறது. இன்டர்ஸோனில் லீ, உடைந்த தட்டச்சு இயந்திரத்தின் துண்டுகளை ஒரு தலையணை உறையில் கட்டித் தூக்கித் திரிகிறான். அவனைத் தேடி நியூயார்க் நண்பர்கள் ஹாங்க், மார்ட்டின் வருகிறார்கள். அவர்கள் உறைக்குள் பார்க்கும்போது இருப்பது மருந்துக் குப்பிகளும் ஊசிகளும். இயந்திரமும் இல்லை, வண்டும் இல்லை. இந்தக் காட்சி சில நொடிதான். அந்த நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் பிறகு வந்து சண்டை போடுகிறவர்.

அதை வைத்து ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: லீ தவிர வேறு யார் அதைப் பார்க்கிறார்கள்? நண்பர்கள் இருக்கும்போது ஊர் ஊராக இருக்கிறது. அவர்கள் பஸ் ஏறிப் போனதும் வண்டு பேசுகிறது. ஆனால் இந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் உதவாது. மார்ட்டினும் ஹாங்கும் ஒரு கட்டுக் காகிதத்தைப் படித்துவிட்டு “பிரமாதமாக எழுதியிருக்கிறாய்” என்கிறார்கள். லீக்கு எழுதிய நினைவே இல்லை. போதை பொய், அதில் எழுதியது மெய். படத்தின் வலுவே இந்த இடம்தான் என்பது எங்கள் எண்ணம்.

5. பொண்டாட்டியைச் சுட்டது நிஜமாவே நடந்துச்சாமே?

நடந்தது. 1951 செப்டம்பர் 6, மெக்சிகோ நகரம். ஒரு நண்பரின் வீட்டில் குடித்திருந்தபோது பரோஸ் சுட்ட குண்டு மனைவி ஜோன் வோல்மர் தலையில் பாய்ந்து அவர் இறந்தார். தலைமேல் கண்ணாடித் தம்ளர் வைத்துச் சுட்ட கதை அன்றே பரவியது; துப்பாக்கி தவறி வெடித்தது என்றும் பின்னால் சொல்லப்பட்டது. பரோஸ் 13 நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார், வழக்கு முடியுமுன் நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

‘க்வியர்’ என்ற தன் பழைய நாவல் 1985இல் அச்சானபோது எழுதிய முன்னுரையில், ஜோன் சாகாமல் இருந்திருந்தால் தான் எழுத்தாளனாகவே ஆகியிருக்க மாட்டேன் என்ற பொருளில் பரோஸ் எழுதினார். க்ரோனென்பெர்க் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மொத்தப் படத்தையும் கட்டியிருக்கிறார். நாவலில் இந்தச் சாவு கிடையாது. படம் தொடங்குமுன் இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டால் அரங்கில் எழும் முணுமுணுப்பு நன்றாகக் குறைந்துவிடும். தெரியாமல் பார்க்கிறவருக்கு அந்தச் சாவும் வினோதங்களில் ஒன்றாகப் போய்விடும். தெரிந்து பார்க்கிறவருக்கு மற்ற வினோதங்களெல்லாம் அந்தச் சாவை மூடி மறைக்கப் போட்ட ஓலை.

6. இன்டர்ஸோன்னா எந்த ஊரு?

மொராக்கோவின் வடமுனைத் துறைமுகம் டான்ஜியர். 1920களிலிருந்து 1956 வரை பல நாடுகள் சேர்ந்து ஆண்ட சர்வதேச மண்டலமாக இருந்தது. சுங்கக் கெடுபிடி குறைவு. கடத்தல்காரர், உளவாளி, ஊரைவிட்டு ஓடிவந்தவர் எல்லோருக்கும் புகலிடம். பரோஸ் 1954 முதல் சில ஆண்டுகள் அங்கே இருந்துதான் நாவலின் பெரும்பகுதியை எழுதினார். 1957இல் கெரோவாக்கும் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் அங்கே போய்ச் சிதறிக் கிடந்த தாள்களைத் தட்டச்சு செய்து அடுக்க உதவினார்கள். படத்தில் வரும் ஹாங்க், மார்ட்டின் அவர்களின் சாயல்தான்.

டான்ஜியரிலேயே படமெடுக்க ஏற்பாடாகியிருந்தது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டதும் அது நடக்காமல் போய், கனடாவின் டொரான்டோவில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். ஊருக்கு வெளிக்காற்றே இல்லாததுபோல் தோன்றுவது அதனால்தான். இது குறையாக முடியாமல் லாபமாகவே முடிந்தது: லீ உண்மையில் நியூயார்க்கை விட்டு நகர்ந்தானா என்ற சந்தேகத்தை அந்த அரங்கமே கிளப்பிவிடுகிறது.

எல்லோரும் யாருக்கோ அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் என்பது பெருநகரத்துக்காரர்களைவிட இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. சுங்கம், கடலோரக் காவல், கியூ பிரிவு என்று மூன்று கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து பழகியவருக்கு இன்டர்ஸோனைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

7. அந்தக் ‘கருங்கறி’யைப் பார்த்தா நம்ம கடல் அட்டை மாதிரியே இருக்கேண்ணே?

பார்வைக்கு ஒற்றுமை உண்டுதான். படத்தில் அது பிரேசில் நாட்டு ராட்சத நீர்ப்பூரானின் இறைச்சி. உலர்த்திப் பொடித்து விற்கிறார்கள். பூச்சிப் பொடிப் பழக்கத்தை மாற்ற மருந்து என்று டாக்டர் பென்வே இதைத்தான் கொடுக்கிறார், அதுவே அடுத்த பழக்கமாகிவிடுகிறது. அப்படி ஒரு பூரான் உலகத்தில் இல்லை, பரோஸின் கற்பனை.

கடல் அட்டையைக் குடல் நீக்கி, அவித்து, மணலில் புதைத்து மேல்தோலைக் கழற்றி, மறுபடி அவித்துக் காயவைத்தால் கன்னங்கரேலென்று கல்லாக இறுகிவிடும். பிடிக்கிற ஊரில் யாரும் தின்பதில்லை. கடல்தாண்டிப் போனால்தான் விலை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை வந்தபிறகு சரக்கு மறைவாகப் போகிறது. எங்கோ கனடாவில் அரங்கம் போட்டு எடுத்த ஒரு சரக்குக்கு இவ்வளவு பொருத்தமான உள்ளூர் உவமை கிடைக்கும் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உவமை அவ்வளவோடு சரி, அட்டையில் போதை கிடையாது.

8. நாவலைப் படிச்சவங்கதான் சார் ரொம்பக் கோபமா இருக்காங்க. ஏன்?

நாவலுக்கு முன், பின் கிடையாது. எந்த அத்தியாயத்தையும் எந்த இடத்திலிருந்தும் படிக்கலாம். நாவலின் கோபம் ஒரு மனிதன்மேல் இல்லை; போலீஸ், மருத்துவம், தூக்குத் தண்டனை, விளம்பரம் என்று ஆளை அடிமையாக்கும் எல்லா அமைப்புமேலும் பாய்கிறது. அமெரிக்காவில் 1962இல் வெளியாகி, பாஸ்டனில் ஆபாச வழக்கில் சிக்கி, 1966இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் விடுவித்த புத்தகம். அதை ஒற்றை மனிதனின் குற்ற உணர்ச்சிக் கதையாகச் சுருக்கிவிட்டார்கள், பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது.

க்ரோனென்பெர்க் தரப்பு: அப்படியே எடுத்தால் 40 கோடி டாலர் ஆகும், உலகத்தில் எல்லா நாடும் தடை செய்யும் என்றார். ஆகவே நாவல், மற்றப் புத்தகங்கள், பரோஸின் வாழ்க்கை மூன்றையும் கலந்து ‘இந்த நாவல் எப்படி எழுதப்பட்டது’ என்பதைப் படமாக்கினார். கோழிக் குழம்பு கேட்டவருக்குக் கோழி வளர்த்த கதையைச் சொன்னதுபோல இருக்கிறது என்று சிலர் முனகுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கதையே போதுமானதாக இருக்கிறது. எதிர்த் தரப்பு இன்னும் சமாதானமாகவில்லை.

9. படிக்காதவங்களும்தான் எந்திரிச்சுப் போறாங்க. எந்த இடத்துல?

நாலு இடம். முதல் வண்டு பேசும்போது. அதன் வாய் இருக்கும் இடம் அப்படி, அது சொல்லும் வேலையும் அப்படி. இது அருவருப்பில் போகிறவர்கள், ஐந்தாறு பேர். அடுத்து இன்டர்ஸோனுக்கு வந்து கால் மணி நேரத்தில். அருவருப்பு ஒன்றுமில்லை, ‘வில்லன் யார், இவனுக்கு என்ன வேணும்’ என்பது தெரியாததால் வரும் சலிப்பு. மூன்றாவது, ஜோன் ஃப்ராஸ்டும் லீயும் சேர்ந்து தட்டச்சு செய்யும் காட்சி. குடும்பத்தோடு வந்தவர்கள் அங்கே எழுவார்கள். நாலாவது, கிளிக்கூண்டில் பூரானாக மாறும் மனிதன். அங்கே எழுகிறவர்கள் பெரும்பாலும் பின்வாசலில் நின்று மிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டாவது வகையைத் தடுக்கலாம்: 5ஆம் பதிலில் உள்ளதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற மூன்றையும் தடுக்க முயல வேண்டாம். வழியை விட்டு நாற்காலி போடுங்கள், போகிறவர் தலை திரையில் விழாமல் போகட்டும்.

10. சில பேரு சிரிக்கிறாங்க, பக்கத்துல உள்ளவரு முறைக்கிறாரு. சிரிக்கலாமா கூடாதா?

சிரிக்கலாம், நகைச்சுவையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். வண்டு கட்டளையிடும்போதும் வெல்லரின் முகம் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்கிறவர் முகம்போல அசையாமல் இருக்கிறது. குரலும் தட்டையாக, பரோஸின் பேச்சைப் போலவே. வினோதத்தைக் கண்டு அவன் அலறினால் நாம் பயப்படுவோம். அவன் அலறாததால் சிரிப்பு வருகிறது. சுடும் காட்சியில் மட்டும் அதே தட்டை முகம் குலையை நடுங்கவைக்கும். அங்கேயும் சிரிப்பு வந்தால் முந்தைய அரைமணி நேரம் வீண்.

11. விருதெல்லாம் வாங்கியிருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் ஓடல?

செலவு சுமார் 1.6 முதல் 1.8 கோடி டாலர், அமெரிக்க வசூல் சுமார் 26 லட்சம் டாலர். அதே நேரம் அமெரிக்காவின் தேசிய விமர்சகர் சங்கம் சிறந்த இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் விருது கொடுத்தது; கனடாவின் ஜீனி விருதுகளில் சிறந்த படம். திகில் படம் என்று வந்தவருக்குத் திகில் போதவில்லை, இலக்கியப் படம் என்று வந்தவருக்கு வண்டு அதிகம். பிறகு வீடியோவிலும் வட்டிலும் மெல்லத் தனக்கென ஆட்களைச் சேர்த்துக்கொண்டது.

12. இந்தக் காலத்துல, அதுவும் நம்ம கடற்கரையில, போதைப் படம் போடலாமா? பிள்ளைக கெட்டுப் போகாதா?

கேட்க வேண்டிய கேள்வி. கஞ்சாவும் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமினும் இந்தக் கரை வழியாக இலங்கைக்குக் கடத்தும்போது பிடிபடும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. படத்தில் வருவதோ பூச்சிப் பொடி, கருங்கறி, மக்வம்ப் என்ற விலங்கின் சுரப்பு. கடையில் கேட்டால் கிடைக்காத சரக்கு. போதையில் இருப்பவர் ஒருவர்கூட மகிழ்ச்சியாகக் காட்டப்படவில்லை. வண்ணம் சுழலும், பாட்டு பொங்கும் வழக்கமான ‘மயக்க’ காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பழுப்புச் சுவர், வியர்வை, அறிக்கை, பயம். ஆசை வருவதற்கு இதில் இடமில்லை என்றே நினைக்கிறோம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘போதையில்தான் எழுத்து வரும்’ என்று எடுத்துக்கொள்ளும் இளம் கவிஞர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பரோஸ் 1956இல் லண்டனில் ஒரு மருத்துவரிடம் அபோமார்ஃபின் சிகிச்சை எடுத்து மார்ஃபினை விட்ட பிறகுதான் குறிப்புகள் நாவலாக உருக்கொண்டன. இதை அவர்களிடம் சொல்லுங்கள். ஊசி போடும் காட்சிகள், விட்டு மீள்கிறவர்களுக்கு ஏக்கத்தைக் கிளப்பக்கூடும். அவர்கள் இந்தப் படத்தைத் தவிர்ப்பதே நல்லது. உதவி வேண்டுவோருக்குப் போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. திரையிடும் இடத்தில் இதை எழுதி ஒட்டிவிடலாம்.

13. வண்டெல்லாம் கிராபிக்ஸா? அந்த இசை ஏன் காதைக் குத்துது?

வண்டு ரப்பர் பொம்மை. உள்ளே கம்பியும் கயிறும், வெளியே இழுத்து ஆட்டும் ஆட்கள். க்ரோனென்பெர்க்கின் முந்தைய படங்களில் ஒன்றான ‘தி ஃப்ளை’க்காக ஒப்பனை ஆஸ்கர் வாங்கிய கிறிஸ் வாலஸ் குழுவின் வேலை. நடிகர் அதைத் தொட முடிந்தது, அதனால் இன்றும் பழசாகவில்லை.

இசை ஹோவர்ட் ஷோர். அதன்மேல் ஆர்னெட் கோல்மனின் சாக்ஸபோன். அடியில் இசைக்குழு ஒழுங்காகப் போகும், மேலே சாக்ஸபோன் தன் வழியில் அலையும். லீயின் நிலையும் அதுதான். பெரிய கூம்பு ஒலிபெருக்கியில் போட்டால் உச்சக்குரல் மட்டும் தெறித்துக் காது வலிக்கும். கல்யாண வீட்டு செட்டைத் தவிர்த்து, பெட்டி ஸ்பீக்கர் இரண்டை வைத்து உச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

14. நாங்க ஊர்ல போடணும்னு இருக்கோம். என்னென்ன ஏற்பாடு?

முதலில் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி. பொதுமக்களுக்குத் திரையிட 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். அது கையில் கிடைக்குமுன் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

மூடிய கூடம் நல்லது. பழுப்பும் இருட்டுமான படம் என்பதால் ஜன்னலில் வெளிச்சம் கசிந்தால் ஒன்றும் தெரியாது. திறந்தவெளி என்றால் தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஆண்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாக் கரையில், திரை நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். படத்தின் அளவு 1.85க்கு 1, அகலம் 10 அடி என்றால் உயரம் ஐந்தரை அடி வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அந்தத் துணி 25, 30 கிலோ எடையளவுக்கு இழுக்கும். 45 ஆனால் அதுவே இரண்டு மடங்குக்கு மேல். நாலு மூலையில் மட்டும் கட்டினால் பாய்போல உப்பி முகமெல்லாம் கோணும். ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு, அடியில் ரப்பர் கயிறு. வலை கட்டுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டால் அரைமணி வேலை. வெயில் காலத்தில் ஏழேகாலுக்கு முன் தொடங்க வேண்டாம்.

மின்சாரம்: புரொஜெக்டர் 300, ஒலி 100 என்று 400 வாட் வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பாதிவரை இறக்கினால், இன்வெர்ட்டர் தின்பது போக, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். படம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. கடைசிக் காட்சியில் அணைந்துவிடும், அந்தக் காட்சியைத்தான் விடக் கூடாது. விளக்கைச் சிக்கன நிலையில் வைத்தால் தாங்கும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த புரொஜெக்டரை அரைமணி வெளியே வைத்த பிறகு போடுங்கள், இல்லையேல் கண்ணாடியில் பனி படியும். உப்புக்காற்றில் லென்ஸும் மங்கும், நடுவில் ஒருமுறை லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும். இடைவேளை விட்டால் டீக்குப் போனவர் திரும்ப மாட்டார்.

15. தமிழ் வசனம் போட்டா கட்டம் கட்டமா வருது, இல்லன்னா போகப் போகப் பின்தங்குது. என்ன கோளாறு?

கட்டம் வந்தால், கோப்பை யுனிகோடில், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை, அல்லது அந்த இயக்கியின் எழுத்துருவில் தமிழ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது வேலை செய்யாது. தொலைக்காட்சிப் பெட்டியில் நேராகப் போடும்போது ‘கொ’வின் கொம்பு தனியாக நிற்பதும் உண்டு, அப்போது வசனத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது ஒன்றுதான் வழி.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் பிரேம் வேகம் வேறு. நொடிக்கு 23.976 பிரேம் உள்ள படத்துக்கு 25 பிரேம் கணக்கில் எழுதிய வசனத்தைப் போட்டால், 115 நிமிட முடிவில் ஏறக்குறைய நாலே முக்கால் நிமிடம் முந்திப்போகும், நேர்மாறாகப் போட்டால் பின்தங்கும். விஎல்சி என்ற வீடியோ இயக்கியில் ஜி, ஹெச் விசையைத் தட்டிச் சரிசெய்வது மொத்தத்தையும் நகர்த்துமே தவிர இந்த விலகலைத் தீர்க்காது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றிச் சேமியுங்கள். சொல் தேர்வுக்கு 3ஆம் பதில். ‘இன்டர்ஸோன்’ அப்படியே இருக்கட்டும். ‘இடைமண்டலம்’ என்று போட்டால் மின்வாரிய ஆபீஸ் மாதிரி இருக்கிறது.

16. பொம்பளைகளையும், அந்த ஊர் சனத்தையும், ஆம்பளை–ஆம்பளை உறவையும் காட்டுன விதம் சரியா? மனசுல உறுத்துது.

உறுத்துவது சரிதான். ஜோன் இரண்டு உருவத்தில் வந்தும் இரண்டிலும் லீயின் கதைக்குத் தேவையான பொருளாகவே இருக்கிறாள். ஜூடி டேவிஸ் நடிப்பால் அதை மீறுகிறார், திரைக்கதை மீறவில்லை. ஊர் மக்கள் வெள்ளைக்காரர்களின் பின்திரை. அவர்கள் சந்தையில் நிற்கிறார்கள், கதையில் இல்லை. கப்பலில் வந்தவனுக்கு எல்லாத் துறைமுகமும் மர்மமாகத்தான் தெரியும், கீழக்கரைச் சந்துக்குள் பிறந்தவருக்கு அது அத்தா வீட்டுக்குப் போகும் வழி. ‘இது லீயின் தலைக்குள் இருக்கும் ஊர்’ என்று 4ஆம் பதிலை வைத்துச் சமாதானம் சொல்லலாம். முழுச் சமாதானம் ஆகாது.

தன்பால் ஈர்ப்பு விஷயத்தில் சண்டை இன்னும் பலமானது. பரோஸ் அதை வெளிப்படையாக எழுதியவர். படத்தில் அது உளவாளிக்குத் தரப்பட்ட ‘மறைவேடம்’ என்று வருகிறது. லீ தயங்கித் தயங்கியே நெருங்குகிறான். ஒப்புக்கொள்ளாத மனதைக் காட்டுவதற்கான உத்தி என்று சிலர். இயக்குநருக்கே இருந்த கூச்சம் என்று சிலர். கூண்டுக் காட்சியில் அந்த உறவு அப்பட்டமான கோரமாக மட்டுமே வருவதைப் பார்த்தால் இரண்டாம் கட்சிக்குத்தான் எங்கள் கை உயர்கிறது.

17. கடைசில ரெண்டாவது தடவையும் சுடுறானே, அப்ப அவன் திருந்தவே இல்லையா?

அனெக்ஸியா எல்லையில் காவலர்கள் தொழில் என்ன என்கிறார்கள். எழுத்தாளன் என்கிறான். நிரூபி என்றதும் பேனாவை எடுத்துக் காட்டுகிறான். போதவில்லை. வண்டிக்குள் தூங்கும் ஜோன் ஃப்ராஸ்டை எழுப்பி, விளையாட்டைத் தொடங்குவோம் என்று தலைமேல் தம்ளரை வைத்துச் சுடுகிறான். அவள் சரிகிறாள். காவலர்கள் வரவேற்றுக் கதவைத் திறக்கிறார்கள்.

இரண்டு வாசிப்பு உண்டு. தப்பிக்க ஊர் ஊராக ஓடினாலும் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த அறைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது, அவன் எழுத்துக்கு அதுவே கடவுச்சீட்டு என்பது ஒன்று. ஒரு பெண்ணின் சாவை ஆணின் எழுத்துக்கு அனுமதிச் சீட்டாக்கிவிட்டார்கள் என்பது மற்றொன்று; படம் பிடிக்காதவர்களின் மிகக் கூர்மையான வாதம் அதுதான். காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர்கள் துப்பாக்கியையும் ஜோனையும் விட்டுவிட்டு லீயைக் கவனிக்கவும். முதல் முறை சுட்டபோது அவன் முகம் என்ன நடந்தது என்றே புரியாத முகம். இந்த முறை கதவு திறந்த பிறகும் அவன் வண்டி நகரவில்லை, கண் கலங்கியிருக்கிறது.